குளிர்த் தொப்பிக்கு எந்த நூல், எந்த ஊசி?

புரட்டாதி பிறந்தால் இந்தக் கேள்வியும் வரத் தொடங்கிவிடும். கனடாவில் இருக்கிற பேரனுக்கு, நோர்வேயில் தங்கச்சியின் மகளுக்கு, லண்டனுக்குப் படிக்கப் போன பிள்ளைக்கு என்று ஒரு தொப்பி பின்ன ஆசை. பெரிய கடைப் பக்கம் போனால் கலர் கலராக நூல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். வீட்டு அலுமாரியில் அம்மாவின் பழைய ஊசிகள் கிடக்கின்றன. யூரியூப்பைத் திறந்தால் ஒருவர் வட்ட ஊசிதான் நல்லது என்கிறார், இன்னொருவர் ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குறோசே போதும் என்கிறார். நூல் வாங்கிய பிறகு ஊசியை யோசிப்பதும், ஊசி வாங்கிய பிறகு தலையின் அளவைக் கேட்பதுமாகக் காரியம் மார்கழி வரை இழுபடுகிறது.

என் அபிப்பிராயம் இதுதான்: தொப்பி போடப் போகிற வீட்டிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள். அங்கே எவ்வளவு குளிர், யார் தோய்ப்பார்கள், எப்படித் தோய்ப்பார்கள் என்று தெரிந்தால் நூல் தானாகத் தெரிவாகிவிடும். ஊசியை உங்கள் கையும் கண்ணும் சொல்லும்.

முதலில் கேட்க வேண்டியவை

*எந்தக் குளிர்?* எல்லாக் குளிரும் ஒன்றல்ல. ரொறன்ரோவில் தை மாதத்தில் பூச்சியத்துக்குக் கீழே 15, 20 பாகை வரை இறங்குகிற நாள்கள் உண்டு, அதோடு காற்றும் சேரும். லண்டனில் அவ்வளவு இறங்காது. அங்கே தூறலோடு கூடிய ஈரக் குளிர். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் மார்கழி, தை இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போகும். எங்கள் யாழ்ப்பாணத்து மார்கழிப் பனியில் திருவெம்பாவைக்கு எழும்புகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் போவார்கள், ஆனாலும் பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழே இறங்காது. இந்த நான்குக்கும் ஒரே நூல் பொருந்தாது.

*தோய்ப்பவர் யார்?* இதைத்தான் அநேகம் பேர் கேட்க மறக்கிறார்கள். வேலைக்குப் போய் வருகிற மருமகள் எல்லா உடுப்பையும் ஒன்றாக மெசினில் போட்டு, பிறகு ட்ரையரிலும் போடுவார். அது அவருடைய பிழை இல்லை, அந்த ஊர் வாழ்க்கை அப்படி. அந்த மெசினுக்குத் தாக்குப்பிடிக்காத தொப்பி அந்த வீட்டுக்குச் சரிவராது.

*தோல் எப்படி?* நெற்றியிலும் காதிலும் அரிப்பு வந்தால் பிள்ளை தொப்பியைக் கழற்றி எறிந்துவிடும்.

*உங்கள் கை என்ன சொல்கிறது?* மூட்டு நோ உள்ளவருக்கும், கண் மங்கலானவருக்கும், இப்போதுதான் பழகுகிறவருக்கும் ஒரே வழி சரிவராது.

விலையைக் கடைசியில் பாருங்கள். பெரியவர் தொப்பி ஒன்றுக்கு 100 கிராம் நூல் போதும், குழந்தைக்கு 40 கிராம்கூடப் போதும். இவ்வளவு சின்ன வேலையில் நூலில் மிச்சம் பிடிப்பதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

நூல்

கடையில் "கம்பளி நூல்" என்று கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். சுற்றியிருக்கும் லேபிளைப் படியுங்கள். லேபிள் இல்லாத நூலாக இருந்தால் விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்ச் சட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் தலைமுடி கருகும் மணம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை விரலால் நசுக்கலாம். அக்ரிலிக் உருகி எரியும், ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக உறைந்து நிற்கும். பருத்தி கடதாசி போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூலில் இரண்டு குணமும் கலந்து வரும்.

அக்ரிலிக்

கையில் கிடைப்பது, மலிவு, நிறங்கள் ஏராளம், மெசினில் போட்டாலும் சுருங்காது, பூச்சி அரிக்காது. காய்ந்த குளிரில் நன்றாகவே சூடு தரும். இந்தக் காரணங்களுக்காகவே அதை இளக்காரமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மறைந்திருக்கும் செலவு வேறு இடத்தில். அக்ரிலிக் இழை ஈரத்தை உறிஞ்சாது. பனியில் ஓடி விளையாடும் பிள்ளையின் தலை வியர்த்தால் அந்த ஈரம் நூலுக்குள் போகாமல் தலைமுடியிலேயே நிற்கும்; பிள்ளை ஓட்டத்தை நிறுத்தியதும் தலை குளிரும். சில மாதங்களில் மேலே சின்னச் சின்ன உருண்டைகள் கிளம்பும். அயன் பெட்டி பட்டால் நூல் தொய்ந்துவிடும், திரும்ப நிமிராது. நெருப்பில் உருகித் தோலோடு ஒட்டுகிற பொருள் என்பதால் அடுப்படியில் நிற்பவர் போடும் தொப்பிக்கு இது வேண்டாம்.

கம்பளி

கடுங்குளிருக்கு இதற்கு நிகர் இல்லை. கம்பளி இழை இயல்பாகவே சுருண்டது. அந்தச் சுருளுக்குள் காற்று அடைபட்டு நிற்கும், அந்தக் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே இழுத்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. லண்டன் தூறலுக்கும் கனடாவில் வியர்த்து விளையாடும் பிள்ளைக்கும் இதைப் போல வேறொன்று இல்லை.

அரிக்கும் என்று பயப்படுவது எல்லாக் கம்பளிக்கும் பொருந்தாது. அரிப்பு இழையின் தடிப்பில் இருக்கிறது. மெரினோ ஆட்டின் கம்பளி மெல்லியது, 24 மைக்ரோனுக்கும் குறைவு; 30 மைக்ரோனைத் தாண்டிய இழைதான் தோலில் குத்தும்.

பெரிய ஆபத்து மெசின். கம்பளி இழையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் உண்டு. சுடுதண்ணீரில் அடித்துத் தோய்த்தால் அவை ஒன்றோடொன்று கொழுவிக்கொண்டு துணி இறுகிவிடும். பெரியவருக்குப் பின்னிய தொப்பி பொம்மைக்கு ஆகிவிடும், அதைத் திருத்த வழியே இல்லை. லேபிளில் "சூப்பர்வாஷ்" என்று இருந்தால் அந்தச் செதில்களை மழுக்கியிருக்கிறார்கள் என்று பொருள், மெசினில் போடலாம். ஆனால் அந்த நூல் முதல் தோயலில் கொஞ்சம் இளகும், அதனால் சற்று இறுக்கமாகவே பின்னுங்கள்.

இங்கே நல்ல மெரினோ தேடி அலைவதை விட, ஆடி ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டு நூற்பந்து பெட்டிக்குப் பாரமே இல்லை. ஐப்பசிக்குள் பின்னி முடித்தால் யாராவது போகிறவர் கையில் திரும்பக் கொடுத்து விடலாம்.

வீட்டில் கிடக்கும் கம்பளி நூலைப் பூச்சி அரிக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து கூட வையுங்கள், மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி வெயில் காட்டுங்கள்.

கலப்பு நூல்

80 வீதம் அக்ரிலிக், 20 வீதம் கம்பளி என்ற மாதிரி வரும். அக்ரிலிக்கை விடக் கொஞ்சம் மூச்சு விடும், கம்பளியை விடத் துணிவாகத் தோய்க்கலாம். மெசினில் மென்தோயலுக்கு லேபிள் அனுமதித்தால், சூப்பர்வாஷ் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல தெரிவு. மைனஸ் 20-க்கு இதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே மென்மையான ஃப்ளீஸ் துணியில் ஒரு பட்டி வைத்துத் தையுங்கள்.

பருத்தி

பனி நாட்டுக்குப் பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையைக் குடித்துப் பாரமாகி, தலையையும் குளிர வைக்கும், இழுபட்டால் திரும்பிச் சுருங்காது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த குழந்தைக்குப் பருத்திதான். எங்கள் வெக்கையில் அக்ரிலிக் தொப்பியை நாள் முழுக்கப் போட்டு வைத்தால் பிள்ளைக்கு வேர்க்குருதான் மிச்சம். எந்த நூலென்றாலும் குழந்தை நித்திரை கொள்ளும்போது தொப்பியைக் கழற்றிவிடுங்கள்; குழந்தைகள் தலை வழியாகத்தான் சூட்டை வெளியே விடுகிறார்கள். குஞ்சமும் நாடாவும் பொத்தானும் வேண்டாம். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் சிகிச்சைக்குப் போய் முடி கொட்டிய ஒருவருக்குப் பின்னுகிறீர்கள் என்றாலும் மென்மையான பருத்தியே நல்லது. அந்த நேரத்தில் தலைத்தோல் எதையும் தாங்காது.

| | அக்ரிலிக் | மெரினோ (சூப்பர்வாஷ்) | சாதாரணக் கம்பளி | கலப்பு | பருத்தி |
|---|---|---|---|---|---|
| காய்ந்த குளிர் | நல்லது | மிக நல்லது | மிக நல்லது | நல்லது | போதாது |
| ஈரக் குளிர், வியர்வை | குறைவு | மிக நல்லது | மிக நல்லது | நடுத்தரம் | மோசம் |
| மெசின் தோயல் | தாங்கும் | தாங்கும் | இறுகிவிடும் | லேபிளைப் பார்க்க | தாங்கும் |
| அரிப்பு | இல்லை | அரிது | வரலாம் | சிலருக்கு வரலாம் | இல்லை |
| இங்கே வாங்க | எளிது | கொண்டு வரச் சொல்ல வேண்டும் | அரிது | தேட வேண்டும் | எளிது |
| விலை | மலிவு | கூட | கூட | நடுத்தரம் | நடுத்தரம் |

பின்னும் வழி

இரண்டு நேர் ஊசி

அம்மாவின் ஊசி அலுமாரியில் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம். தட்டையாக ஒரு துண்டு பின்னி, கடைசியில் முதுகுப் பக்கம் மூட்டித் தைப்பதுதான் முறை. ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. நூலைப் பின்னால் வைத்து எடுக்கும் நேர்க்கண்ணியும், முன்னால் வைத்து எடுக்கும் மறுகண்ணியும் தெரிந்தால் போதும். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பிழை விட்டால் அந்த வரிசையிலேயே கண்ணில் படும், பிரித்துவிட்டுத் தொடரலாம்.

மறைந்த செலவு மூட்டுத் தையல். அவசரமாகத் தைத்தால் பின்னால் ஒரு தடிப்பு நிற்கும், தலையணையில் சாயும்போது உறுத்தும்.

இன்னொரு பொறி ஊசியின் இலக்கத்தில் இருக்கிறது. அம்மாமார் வைத்திருந்தவை பெரும்பாலும் பழைய பிரித்தானிய இலக்கம் போட்ட ஊசிகள். அதில் 8 என்றால் 4 மில்லிமீற்றர். அமெரிக்கக் காணொளியில் 8 என்றால் 5 மில்லிமீற்றர். இலக்கம் ஒன்றாக இருப்பதை நம்பித் தொடங்கினால் என்ன நடக்கும் என்று கணக்குப் பாருங்கள். நடுத்தரத் தடிப்புள்ள நூலில் 5 மில்லிமீற்றர் ஊசிக்கு 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி அளவில் வரும், 90 கண்ணி 50 சென்ரிமீற்றர் சுற்றளவு தரும். அதே நூலை 4 மில்லிமீற்றரில் பின்னினால் 10 சென்ரிமீற்றருக்கு 22 கண்ணி வரலாம். அப்போது 90 கண்ணி 41 சென்ரிமீற்றர்தான். பேரனுக்குப் பின்னியது கைக்குழந்தைக்குத்தான் ஆகும். இலக்கத்தை விட்டுவிட்டு மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள். ஊசியில் எழுதியிருக்கவில்லை என்றால் அடிமட்டத்தை வைத்து அளந்துவிடலாம்.

வட்ட ஊசி

இரண்டு குட்டி ஊசிகளை ஒரு வயரால் இணைத்தது. சுற்றிச் சுற்றி நேர்க்கண்ணி மட்டும் போட்டுக்கொண்டு போகலாம், மூட்டுத் தையலே இல்லை, பாரம் மடியில் இறங்கிவிடுவதால் மணிக்கட்டு நோ உள்ளவர்களுக்கு ஆறுதல். சின்னப் பிள்ளைகளுக்கும் தோல் உறுத்தும் என்று சொல்பவர்களுக்கும் இதுவே வடிவான வழி.

செலவு எங்கே என்றால், ஒரு வட்ட ஊசியோடு வேலை முடியாது. 40 சென்ரிமீற்றர் நீள ஊசியில் உச்சி வரை போகலாம். உச்சியில் கண்ணி குறையக் குறைய வயர் எட்டாது. அங்கே இரு முனையும் கூரான நான்கைந்து ஊசிகள் வேண்டும், அல்லது 80 சென்ரிமீற்றருக்கு மேல் நீண்ட வயரை வளைத்து இழுக்கும் முறை பழக வேண்டும். எல்லாக் கடையிலும் இவை இருக்காது. முதல் சுற்றை இணைக்கும்போது கண்ணிகள் முறுகியிருந்தால் தொப்பி முழுக்க முறுகித்தான் வரும், பிரிப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு தொப்பி மட்டும் பின்னிவிட்டு நிறுத்துவதென்றால் இந்த ஊசிகளை வாங்கத் தேவையில்லை. குடும்பத்தில் இருக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் பின்னப் போகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

குறோசே ஊசி

ஒரே கொக்கி, ஒரே கண்ணி. நழுவினாலும் ஒரு கண்ணிக்கு மேல் அவிழாது. உச்சியிலிருந்து வட்டமாகத் தொடங்கிக் கீழே இறங்கலாம், தலையில் வைத்துப் பார்த்து நிறுத்தலாம், அளவுக் கணக்கே வேண்டாம். வேலையும் கெதியாக முடியும்.

ஆனால் குறோசேத் துணி தடிப்பானது, அதே அளவுத் தொப்பிக்குக் கூட நூல் குடிக்கும், இழுபடும் தன்மை குறைவு. உயரக் கண்ணிகளில் இடைவெளி விழும், அதற்குள்ளால் காற்று நேரே தலைக்கு வரும். குளிருக்கென்றால் குட்டையான கண்ணியில் நெருக்கமாகப் போடுங்கள். இதிலும் பெயர்க் குழப்பம் உண்டு: பிரித்தானிய முறையில் "டபிள் குறோசே" என்பது அமெரிக்க முறையில் "சிங்கிள் குறோசே". எங்கள் பள்ளிக்கூடங்களில் பழகியவர்கள் பிரித்தானியப் பெயர் சொல்வார்கள், காணொளிகளில் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர். எந்த முறை என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வீட்டுக்கு எது?

கனடா, நோர்வே போன்ற இடங்களில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு: சூப்பர்வாஷ் மெரினோ, காதுக்கு மேல் இரட்டை மடிப்பு வருகிற பின்னல் தொப்பி. மெரினோ கிடைக்காவிட்டால் கலப்பு நூலும் ஃப்ளீஸ் பட்டியும். லண்டன், பரிஸ் என்றாலும் கம்பளி உள்ள நூலுக்கே என் வாக்கு, அங்கே ஈரம் அதிகம். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற பிள்ளைகளுக்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும், குறோசேயிலும் போடலாம். விடியப் பூசைக்குப் போகிற அப்பாவுக்கு மெல்லிய அக்ரிலிக். காது மூடினால் சரி. கையால் தோய்த்து நிழலில் காயப்போடக்கூடிய பொறுமைசாலி ஒருவருக்கு என்றால் மட்டும் சாதாரணக் கம்பளி.

இன்னும் குழப்பமாக இருந்தால் இரண்டு நேர் ஊசியில் தொடங்குங்கள். தேவையானது இவ்வளவுதான்.

இரண்டு ஊசியில் ஒரு தொப்பி

5 மில்லிமீற்றர் ஊசி, நடுத்தரத் தடிப்பில் 100 கிராம் நூல். பெரியவருக்கு 90 கண்ணி, இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைக்கு 82 கண்ணி. கண்ணி ஏற்றும்போது தளர்வாக ஏற்றுங்கள். விளிம்பு இறுகினால் நெற்றியில் கோடு விழும். முன்னதாக ஒரு சாண் சதுரத்தில் மாதிரித் துண்டு பின்னி 10 சென்ரிமீற்றருக்கு 18 கண்ணி வருகிறதா என்று எண்ணுங்கள். கூட வந்தால் பெரிய ஊசி, குறைய வந்தால் சின்ன ஊசி.

முதல் வரிசை: இரண்டு நேர், இரண்டு மறு என்று மாறி மாறி, கடைசி இரண்டும் நேர். அடுத்த வரிசை: இரண்டு மறு, இரண்டு நேர், கடைசி இரண்டும் மறு. இப்படியே 14 சென்ரிமீற்றர். இதில் பாதி மடிப்பாக மேலே வரும், காதுக்கு இரண்டு படை கிடைக்கும். பிறகு முன்பக்க வரிசை முழுக்க நேர், பின்பக்க வரிசை முழுக்க மறு என்று தொடக்கத்திலிருந்து 21 சென்ரிமீற்றர் வரும் வரை, பிள்ளைக்கு 18.

உச்சி குறைப்பு, பெரியவர் அளவுக்கு: முன்பக்க வரிசையில் 1 நேர், பிறகு "9 நேர், 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாக" என்பதை எட்டு முறை, கடைசியில் 1 நேர். 82 கண்ணி நிற்கும். பின்பக்க வரிசை முழுக்க மறு. அடுத்த முன்பக்க வரிசையில் 9-க்குப் பதில் 8 நேர், அதற்கடுத்து 7. இப்படிக் குறைத்துக்கொண்டே வந்து 18 கண்ணி நிற்கும்போது நூலை அரை மீற்றர் விட்டு வெட்டுங்கள். தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணிக்குள்ளாலும் இரண்டு தரம் விட்டு இறுக்குங்கள். பிள்ளைத் தொப்பிக்கு 8 நேரிலிருந்து தொடங்கினால் அதே 18-க்கு வந்து சேரும்.

மூட்டும்போது ஓரத்துக் கண்ணிக்கு உள்ளே இருக்கும் சின்னப் படிகளை ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று எடுத்துக் கோத்து, சில சென்ரிமீற்றருக்கு ஒருமுறை மெல்ல இழுங்கள். தையல் உள்ளே மறைந்துவிடும். மேலே மடியும் 7 சென்ரிமீற்றரை மட்டும் உள்பக்கம் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். இல்லையென்றால் மடித்ததும் தையல் வெளியே தெரியும்.

நூற்பந்தைப் பனையோலைப் பெட்டிக்குள் போட்டு மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் நிலத்தில் உருளாது, தூசி பிடிக்காது. எங்கள் வெக்கையில் கை வியர்க்கும். வியர்வைக் கையோடு உலோக ஊசி வழுக்கும், பிளாஸ்ரிக் ஊசியில் நூல் ஒட்டும். மூங்கில் ஊசி கிடைத்தால் அது மேல்.

அனுப்பும் முன்

மிளகாய்த்தூள் வறுத்த மணத்தைக் கம்பளி நன்றாக இழுத்து வைத்திருக்கும். ஒருமுறை தோய்த்துத்தான் அனுப்புங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் படிவிலிருந்து வருவதால் கடினத் தண்ணீர்; சவர்க்காரக் கட்டி போட்டால் நுரைக்காது, வெள்ளைப் படிவு நூலில் ஒட்டிக்கொண்டு தொப்பி சொரசொரக்கும். குழந்தை ஷாம்பு கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கலந்து ஊறவிட்டு, கசக்காமல் அமர்த்தி எடுங்கள். கடைசி அலசலில் ஒரு தேக்கரண்டி வினாகிரி விட்டால் படிவு போகும். துவாயில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாகப் பரப்புங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும்.

பார்சலுக்குள் நூலின் லேபிளையும் மிச்ச நூல் இரண்டு மீற்றரையும் சேர்த்து வையுங்கள். எந்தச் சூட்டில் தோய்க்கலாம், ட்ரையரில் போடலாமா என்பது லேபிளில் இருக்கிறது. எங்காவது ஓட்டை விழுந்தால் அதே நிறத்தில் தைக்கவும் நூல் இருக்கும்.